ஆண்டுதோறும் செய்யும் அறம்

தகடூர் என்னும் பழம்பெயர் உடையது தருமபுரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர் அது. ஏறுதற்கு அரிய மலைப்பிளவில் பழுத்த நெல்லிக்கனி ஒன்றை அவன் பெற்றான்; உண்டாரை நெடுங்காலம் வாழ்விக்கும் எனக் கருதப்பட்ட அக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையார்க்கு ஈந்தான். இதனைப் பள்ளியில் பயிலாத தமிழ்ச் சிறுவர் இலர். கொடுத்த கையைப் புலவர் போற்றினர். ஆனால், அக்கனியைத் தந்த மலையைப் பற்றி எண்ணுவோர் சிலரே. மலையில் காடு அழியாமல் நின்றமையால் நெல்லி பழுத்தது. நெல்லி பழுத்தமையால் வள்ளல் வழங்கினான். வழங்குதற்குரிய பொருளை அழியாமல் வைத்திருப்பதும் வள்ளன்மையின் ஒரு பகுதியே அன்றோ?

இன்றைய தருமபுரி மாவட்டம் 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்று பிரிந்து தோன்றியது. 2004-ஆம் ஆண்டில் அதனின்று கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. மாவட்டங்களின் எல்லை ஆணையால் மாறும். மலைகளின் எல்லை அவ்வாறு மாறுவதில்லை. மேலகிரி மலைத்தொடர் இவ்விரு மாவட்டங்களிலும் பரந்து காவிரிக் கரை வரை இறங்குகிறது. இங்குள்ள காடு பெரும்பாலும் கோடையில் இலை உதிர்க்கும் வறண்ட காடாகும். மழை பெய்தால் பசுமை பூண்டு, வெயில் முதிர்ந்தால் சருகாய் நிற்பது அதன் இயல்பு. அக்காட்டில் யானையும் சிறுத்தையும் காட்டெருதும் வாழ்கின்றன. ஆற்றங்கரை மரங்களில் நரை அணில் தாவித் திரிகின்றது. காவிரியில் முதலையும் நீர்நாயும் உள்ளன.

இக்காடுகளின் சிறப்பை உணர்ந்த தமிழக அரசு, 2014-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் என அறிவித்தது. 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்பு காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் ஆயிற்று. இரண்டும் சேர்ந்து 1,190 சதுர கிலோமீட்டர் அளவினதாகும். கர்நாடக மாநிலத்துக் காடுகளும் இவற்றோடு தொடர்ந்து கிடக்கின்றன. யானைக்கு மாநில எல்லை தெரியாது. அதற்குத் தெரிந்தவை நீரும் நிழலும் வழியுமே.

ஓர் இடத்தைச் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு ஓர் ஆணை போதும். அதனைச் சரணாலயமாகவே வைத்திருப்பதற்கு ஆணை மட்டும் போதாது. காவலர் நடந்து காக்க வேண்டும்; ஊரார் உடன்பட வேண்டும்; தீயும் களையும் குப்பையும் ஆண்டுதோறும் அகற்றப்பட வேண்டும். இப்பணியில் வனத்துறைக்குத் துணை நிற்கத் தாமே முன்வந்த மக்கள் சிலர் உளர். அவர்தம் தொண்டைப் பற்றி மாணவர் அறிந்துகொள்ளுதல் நன்று.

ஒசூரை மையமாகக் கொண்டு மேலகிரிக் காடுகளின் நலத்திற்காக உழைக்கும் கென்னத் ஆண்டர்சன் இயற்கைக் கழகம் இத்தகைய தொண்டர் அமைப்புகளுள் ஒன்றாகும். கென்னத் ஆண்டர்சன் என்பார் 1910-ஆம் ஆண்டில் பிறந்து 1974-ஆம் ஆண்டில் மறைந்த எழுத்தாளர், பெங்களூரில் வாழ்ந்தவர். பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த காடுகளில் பல்லாண்டு திரிந்து, தாம் கண்டவற்றை ஆங்கிலத்தில் நூல்களாக எழுதினார். ஆட்கொல்லி விலங்குகளை வேட்டையாடியவர் அவர். வேட்டைக்காரர் ஒருவர் பெயரைக் காடு காக்கும் கழகம் சூடிக்கொள்வது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். காட்டை நன்கு அறிந்தவரே அதன் அழிவை முதலில் உணர்கின்றனர். ஆண்டர்சனும் பின்னாளில் துப்பாக்கியினும் நிழற்படக் கருவியையே பெரிதும் விரும்பினார். ஒருவர் எங்கே தொடங்கினார் என்பதினும் எங்கே சென்று சேர்ந்தார் என்பதே எண்ணத்தக்கது.

இத்தகைய தொண்டர் குழு ஒன்றன் பணியை ஓராண்டுக் காலம் உடனிருந்து நோக்கினால், அதில் வியப்பூட்டும் நிகழ்ச்சி யாதும் இராது. சென்ற ஆண்டு செய்ததையே இவ்வாண்டும் செய்வர். இவ்வாண்டு செய்ததையே வரும் ஆண்டும் செய்வர். உழவர் ஆண்டுதோறும் உழுவதைக் கண்டு, "சென்ற ஆண்டு உழுதீர்களே, மீண்டும் ஏன்?" என்று எவரேனும் கேட்பதுண்டோ? காட்டுப் பணியும் அத்தகையதே. அதன் பெருமை புதுமையில் இல்லை. விடாது செய்வதில் உள்ளது.

தை மாதம் பிறந்ததும் காட்டில் புல் காயத் தொடங்கும். மாசி, பங்குனி மாதங்களில் ஒரு பொறி விழுந்தாலும் மலைச்சரிவு முழுவதும் பற்றி எரியும். வறண்ட காட்டில் எழும் தீ, பெரும்பாலும் மனிதர் செயலாலேயே எழுகின்றது. அணைக்காமல் எறிந்த பீடித் துண்டு, சமைத்தபின் விட்டுச் சென்ற அடுப்பு, புது மேய்ச்சல் தழைக்கும் என்று சருகுக்கு இட்ட தீ ஆகியவை அதற்குக் காரணமாகின்றன. முன்னரே குறிப்பிட்ட அகலத்திற்குப் புல்லையும் சருகையும் அகற்றி வைத்தால், தீ அவ்வெற்றிடத்தைத் தாண்ட இயலாமல் தணியும். அதனைத் தீத்தடுப்புக் கோடு என்பர். கோடை வருமுன் வனத்துறையினர் அக்கோடுகளை அமைக்கின்றனர். தொண்டர்கள் அவர்களுக்குத் துணை நிற்பதோடு, ஊர்தோறும் சென்று தீயின் கேட்டினை எடுத்துரைக்கின்றனர். சென்ற ஆண்டு வெட்டிய கோட்டில் இவ்வாண்டு புல் முளைத்துவிடும். ஆதலின் ஆண்டுதோறும் கோடு புதிதாக வேண்டப்படுகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் எழுந்த தீயில், மலையேறச் சென்றிருந்தோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடைக் காட்டின் கொடுமையைத் தமிழகம் அன்று கண்ணீருடன் அறிந்தது. காட்டிற்குத் தொண்டு செய்ய விழைவோர், வனத்துறையின் இசைவும் வழிகாட்டுதலும் இன்றி அடியெடுத்து வைத்தல் கூடாது. ஆர்வம் நல்லது, அடக்கத்தோடு கூடிய ஆர்வமே உயிரைக் காக்கும்.

சித்திரையில் ஓடைகள் வற்றும். யானை ஒன்றுக்கு நாள்தோறும் 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட தழையும் மிகுதியான நீரும் தேவை. குட்டைகளில் படிந்த வண்டலை மழைக்கு முன்னரே அகற்றி வைத்தால், அவற்றில் தேங்கும் நீர் மேலும் சில வாரங்கள் நிற்கும். ஆனால், இரக்கத்தால் மட்டும் காட்டில் கண்ட இடமெல்லாம் தொட்டி கட்டுதலும் தவறாய் முடியலாம். நீர் ஓரிடத்தில் மட்டும் நிலைத்தால் விலங்குகள் எல்லாம் அங்கேயே கூடும், சுற்றிலும் உள்ள தழை அழியும், நோயும் பரவும். எங்கே, எவ்வளவு, எப்போது என்பதைக் கற்றறிந்தோர் வாயிலாகத் தெரிந்து செய்வதே முறை. தொண்டிற்கு அன்பு வேர் என்றால் அறிவு நீராகும்.

ஆனி, ஆடி மாதங்களில் மரம் நடும் விழாக்கள் நிகழ்கின்றன. 1950-ஆம் ஆண்டில் நடுவண் அமைச்சராயிருந்த கே. எம். முன்ஷி தொடங்கிய வன மகோத்சவம் சூலை மாதத்தில் கொண்டாடப்படுகின்றது. 1973-ஆம் ஆண்டு முதல் சூன் 5-ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாளாகப் போற்றப்படுகின்றது. இவை நல்ல நாட்கள், ஐயமில்லை. ஆயினும் தருமபுரியில் மழை மிகுவது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஆகும். சூன் மாதத்தில் நட்டுக் கைதட்டிவிட்டுப் பிரிந்தால், நட்ட கன்று மழை வருமுன்னரே கருகும். விழா நாள் உலகிற்கு உரியது. மழை நாள் ஊருக்கு உரியது. நடுவோர் ஊர் மழையைப் பார்த்து நடுதல் வேண்டும். நட்டபின் மூன்று கோடைகளேனும் நீர் ஊற்றி, ஆடு மாடு கடியாமல் வேலி காத்தல் வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைச் சொல்வதற்கு ஒரு நாள் போதும். பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கையைச் சொல்வதற்கே ஆண்டுகள் தேவை. நாணயமான தொண்டர் இரண்டாவதையே சொல்வர்.

ஆடி பதினெட்டாம் நாள் ஒகேனக்கலில் மக்கள் திரள்கின்றனர். காவிரியில் நீராடுகின்றனர், பரிசலில் செல்கின்றனர், கரையில் உண்டு மகிழ்கின்றனர். ஆற்றைத் தாயென வணங்கும் பண்பு போற்றத்தக்கது. ஆனால், வணங்கிய கை விட்டுச் செல்லும் நெகிழிப் பைகளும் உடைந்த கண்ணாடிப் புட்டிகளும் ஆற்றிலும் காட்டிலும் தங்கிவிடுகின்றன. தமிழகத்தில் 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள் பல தடை செய்யப்பட்டுள்ளன. தடை இருந்தும் பழக்கம் முற்றும் மாறவில்லை. உப்பும் உணவும் படிந்த நெகிழியை மானும் யானையும் விழுங்கிவிடுகின்றன. கண்ணாடித் துண்டு யானையின் உள்ளங்காலைத் துளைத்துப் புண்ணாக்குகின்றது. விழா முடிந்த மறுநாள் சாக்குப் பையோடு குனிந்து அவற்றைப் பொறுக்குவோர்க்கு மாலையும் இல்லை, மேடையும் இல்லை. ஆயினும் விழா நாளில் தாயை வணங்கியோரினும் மறுநாள் அவள் முகத்தைத் துடைத்தோர் தாழ்ந்தவர் ஆவரோ?

மழைக்காலத்தில் செய்யத்தக்க பணி உண்ணிச்செடியை அகற்றுவதாகும். வண்ண வண்ணமாய்ப் பூக்கும் இச்செடி அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளுக்கு உரியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. தோட்டத்தில் நட்டது வேலியைத் தாண்டிக் காட்டில் புகுந்தது. இதன் கனியைப் பறவைகள் உண்டு, விதையை எங்கும் பரப்புகின்றன. இதன் இலையோ கால்நடைக்கு நஞ்சு. ஆதலின் மேய்ந்து குறைப்பார் இல்லாமல், இது புதராய் மண்டிப் புல்லையும் இளங்கன்றுகளையும் மூடிவிடுகின்றது. புல் குறைந்தால் மானுக்கும் காட்டெருதுக்கும் உணவு குறையும். கோடையில் இப்புதரே தீக்கு விறகாகின்றது.

இதனைக் களைவது எளிதன்று. தண்டை மட்டும் வெட்டினால் அடியிலிருந்து பல தளிர்கள் எழும். வேரின் தலைப்பகுதியை மண்ணுக்குக் கீழே வெட்டி எடுத்துத் தலைகீழாகச் சாய்த்து வைத்தால் அது மீண்டும் தழைப்பதில்லை. அவ்வாறு செய்த பின்னும் மண்ணில் முன்னரே விழுந்து கிடக்கும் விதைகள் அடுத்தடுத்த மழைகளில் முளைக்கும். அவற்றை இளமையிலேயே பிடுங்க வேண்டும். வெறுமையான நிலத்தில் அம்மண்ணுக்குரிய புல்லை வளர்க்க வேண்டும். ஓராண்டு களைந்துவிட்டு அடுத்த ஆண்டு வாராதிருந்தால், செய்த உழைப்பெல்லாம் வீணாகும். தமிழக அரசும் 2022-ஆம் ஆண்டில் அயல் களைச்செடிகளை அகற்றுவதற்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. கொள்கை தாளில் இருக்கும். களை மண்ணில் இருக்கும். இரண்டையும் இணைப்பது மண்வெட்டி பிடித்த கையே.

பகையையும் பயனாக்கலாம் என்பதற்குச் சான்றுகள் உள. காவிரிக்கு மேற்கே கர்நாடகத்தின் மாதேசுவரன் மலையில் வாழும் சோலிகர் மக்கள், உண்ணிச்செடியின் தண்டால் நாற்காலி முதலிய பொருள்கள் செய்யப் பயின்றுள்ளனர். நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் பழங்குடியினர் அத்தண்டுகளைக் கொண்டு உயிருள்ளவை போன்ற யானை உருவங்களைச் செய்தனர். அவ்வுருவங்கள் 2021-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரப் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. காட்டைக் கெடுத்த செடி, காட்டு மக்களுக்குக் கூலி தந்தது. யானையின் உணவை அழித்த புதர், யானையின் வடிவம் பெற்று உலகிற்கு அதன் துன்பத்தை எடுத்துரைத்தது.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் காட்டோர ஊர்களில் கேழ்வரகு முற்றி நிற்கும். அதன் மணம் யானைகளை ஈர்க்கும். ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு அழிந்துவிடும். பரண் மீது குளிரில் விழித்திருக்கும் உழவருக்கு யானை ஓர் அழகிய விலங்காகத் தோன்றுமா? நகரத்தில் இருந்துகொண்டு யானையை மட்டும் நேசித்து உழவரை மறப்பது அறம் ஆகாது. யானைக் கூட்டம் வரும் திசையை ஊராருக்கு முன்னறிவித்தலும், பயிர் இழந்தோர் அரசின் இழப்பீட்டைப் பெற விண்ணப்பம் எழுதித் தருதலும் காட்டுத் தொண்டின் பகுதிகளே. விறகுக்காக விடியலில் காட்டிற்குள் செல்லும் பெண்கள் யானைக்கும் கரடிக்கும் அஞ்சியே செல்கின்றனர். காட்டோரக் குடும்பங்கள் சமையல் எரிவாயு அடுப்புப் பெற உதவுவது, மேலகிரியில் முன்னர்க் குறித்த கழகம் மேற்கொண்ட பணிகளுள் ஒன்றாகும். வெட்டாதீர் என்று சொல்வது எளிது; வெட்டாமல் வாழ வழி செய்வதே தொண்டு. இம்மலைகளில் இருளர் முதலிய பழங்குடியினர் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். அவர்தம் வன உரிமையை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுள்ளது. அவர்களைக் காட்டின் பகைவராகக் கருதும் எப்பணியும் நிலைபெறாது.

"காட்டைக் காப்பது அரசின் கடமை, மக்கள் எதற்கு?" என்று கேட்போர் உளர். அரசின் கடமை என்பது உண்மையே. ஆனால், அரசியலமைப்புச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள், காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காத்தல் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிய கடமையாக விதிக்கப்பட்டுள்ளது. மேலும், தொண்டர் பணி அரசைக் கடமையினின்று விடுவிப்பது அன்று. காவலர் போதாத இடத்தில் காவலர் வேண்டும் என்று கேட்பதும், சட்டம் மீறப்படும் இடத்தில் அதனைச் சுட்டிக்காட்டுவதும் தொண்டரின் கடமையே. உதவும் கையும் கேட்கும் வாயும் ஒருவரிடமே இருத்தல் வேண்டும்.

"சிலர் கூடி என்ன செய்ய இயலும்?" என்பது மற்றொரு வினா. இதற்கு விடை தேடச் சென்னைக் கடற்கரைக்குச் செல்லலாம். அங்கு 1988-ஆம் ஆண்டு முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்னும் மாணவர் குழு இயங்குகின்றது. சனவரி முதல் ஏப்பிரல் வரை, இரவுதோறும் மாணவர்கள் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளைக் கண்டெடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைக்கின்றனர். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். ஒரு குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவம் அடையப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அது மீண்டு வரும்போது அதனை விட்ட மாணவர் பள்ளியிலோ கல்லூரியிலோ இரார். ஆயினும் புதிய மாணவர் அதே மணலில் நடந்துகொண்டிருப்பர். தாம் காணப் போகாத பயனுக்காகக் கண் விழிப்பது எத்துணை உயர்ந்த செயல்! அம்மாணவர் செல்வரும் அல்லர்; அதிகாரம் உடையவரும் அல்லர். ஆண்டு தவறாமல் வந்தனர். அதுவே அவர்தம் வலிமை.

ஆண்டுப் பணி செய்வோர்க்கு மற்றுமொரு கடமை உண்டு. அது கணக்குக் காட்டுதல். இதனைத் தமிழர் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றைப் பற்றிக் கூறுகின்றன. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தார் ஓராண்டுக் காலம் ஏரியையும் தோட்டத்தையும் காத்தனர். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெறக் கூடாது என அக்கல்வெட்டு விதிக்கின்றது. அச்சபையில் எல்லார்க்கும் இடம் இருந்ததில்லை. இன்றைய கிராம சபையிலோ வாக்குரிமை பெற்ற ஆண் பெண் அனைவர்க்கும் இடம் உண்டு. அவ்வகையில் இக்காலம் மேலானது. ஆனால், நீர்நிலையைக் காப்போர் ஆண்டுதோறும் ஊராருக்கு விடை சொல்ல வேண்டும் என்னும் அக்கால விதி, இக்காலத்திற்கும் தேவையானதே.

தொண்டர் குழு வெளியிடும் ஆண்டறிக்கை இக்காரணத்தால் மதிக்கத்தக்கது. அதில் வெற்றிகளை மட்டும் எழுதுதல் அழகன்று. எத்தனைக் கன்றுகள் கருகின, எந்தக் குட்டை உடைந்தது, எவ்விடத்தில் உண்ணிச்செடி மீண்டும் முளைத்தது என்பவற்றையும் எழுதுதல் வேண்டும். தோல்வியை மறைத்த அறிக்கை விளம்பரமாகும். தோல்வியையும் உரைத்த அறிக்கையே பாடமாகும். அடுத்த ஆண்டுத் தொண்டர் அதே பிழையைச் செய்யாமல் காப்பது அப்பாடமே. பெற்ற பொருளுக்கும் செலவிட்ட பொருளுக்கும் திறந்த கணக்கு இல்லாவிடில், நற்பணியின் மீதும் ஐயம் படரும்.

மாணவர் இப்பணியில் சேரக் காட்டிற்குள் செல்ல வேண்டும் என்பதில்லை. 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைகள் கணக்கெடுக்கப்படுகின்றன. வீட்டு முற்றத்திலோ ஏரிக்கரையிலோ நின்று, கால் மணி நேரம் கண்ட பறவைகளைக் குறித்து அனுப்பினால் அதுவும் அறிவியலுக்குத் துணையாகும். ஓராண்டுக் குறிப்பால் விளங்குவது சிறிதே. அதே ஏரியை, அதே நாட்களில், பத்தாண்டுகள் குறித்தால் எப்பறவை குறைந்தது, எது பெருகியது என்பது தெளிவாகும். பள்ளியின் மூலையில் நட்ட மரத்திற்குக் கோடை விடுமுறையில் நீர் ஊற்றுவது யார் என்று முறை வகுத்துக்கொள்வதும் இத்தகைய தொண்டே. மேல் வகுப்பு மாணவர் பள்ளியை விட்டுச் செல்லும்போது அப்பொறுப்பைக் கீழ் வகுப்பு மாணவரிடம் ஒப்படைத்துச் சென்றால், மரமும் பிழைக்கும், பண்பும் பிழைக்கும்.

ஊர்த்தேரை ஒருவர் இழுக்க இயலாது. ஓராண்டு இழுத்ததோடு நிறுத்திவிடுவதும் இல்லை. ஆண்டுதோறும் ஊர் கூடி வடம் பிடிக்கின்றது. முன்பு வடம் பிடித்தவர் மறைந்தபின் அவர்தம் மக்கள் பிடிக்கின்றனர். காடு காத்தலும் அவ்வாறே தலைமுறைதோறும் தொடர வேண்டிய பொதுப்பணி. ஓராண்டு கைவிட்டால் தீக்கோட்டில் புல் மூடும். மூன்றாண்டு கைவிட்டால் உண்ணிச்செடி வழியை அடைக்கும். ஒரு தலைமுறை கைவிட்டால் மலையில் ஓடை இருந்தது என்பதே கதையாகிவிடும்.

அதியமான் நெல்லிக்கனியை ஒருமுறை ஈந்தான். அப்புகழ் இன்றும் வாழ்கின்றது. அதியமான் நாட்டு மலைகளில் நெல்லி மரங்கள் இன்றும் காய்க்கின்றன. அவற்றின் அடியில் படரும் களையைப் பிடுங்கி, அவற்றைச் சூழும் தீயைத் தடுத்து, பெயர் வேண்டாது திரும்புவோர் அவ்வள்ளலின் வழித்தோன்றல்கள் எனலாம். தாம் உண்ணாது பிறர்க்கு ஈந்தான் மன்னன். தாம் காணாத தலைமுறைக்கு மலையையே ஈகின்றனர் இவர்கள். அவ்வீகை ஒருமுறை செய்து முடிவதன்று. ஆண்டுதோறும் செய்ய வேண்டுவது.